கணக்குக் காட்டாதவரிடம் மருந்து வாங்காதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. 45 நிமிட வகுப்பில் உட்கார்ந்தவர்கள் நீங்கள், பத்து நிமிடம் பொறுமையாகப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்ட வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகத் திட்டுங்கள். பாதி படித்துவிட்டுக் கைகூப்பும் பொம்மையை மட்டும் போடாதீர்கள்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அக்கா மகன் ஒரு விளம்பரத்தை அனுப்பியிருந்தான். பச்சை இலை, அதன் நுனியில் ஒரு சொட்டு எண்ணெய். மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை, மனநிலை ஏற்றத்தாழ்வு எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டிலில் தீர்வாம். கஞ்சா இலையிலிருந்து எடுத்தது, சட்டப்படி அனுமதி உண்டு, வீட்டுக்கே வரும். "சித்தி, நம்ம முன்னோர் மருந்து. யாருக்காவது டென்ஷன் இருந்தா சொல்லுங்க" என்று ஒரு வரியும் சேர்த்திருந்தான். அதற்கு இருபது பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள்.

நல்ல பிள்ளை அவன். கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் அந்தக் குழுவில் மனநிலை நோய்க்கு ஏறக்குறைய முப்பது வருடமாக மாத்திரை சாப்பிடும் ஒருத்தி இருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாது. உங்களில் யாருக்குமே தெரியாது. அது நான்தான்.

எனக்கு இருப்பது இருமுனைய மனநிலைக் கோளாறு. ஆங்கிலத்தில் பைபோலார் என்பார்கள். சில காலம் மனம் தாங்க முடியாத உச்சத்துக்கு ஏறும், சில காலம் எழுந்து பல் தேய்க்கக்கூட முடியாத பள்ளத்தில் கிடக்கும். 1996 அரையாண்டுத் தேர்வு சமயத்தில் முதல்முறை வந்தது. மூன்று வகுப்பு விடைத்தாள்களை ஒரே இரவில் திருத்தினேன். நாலு நாள் தூங்கவில்லை, களைப்பும் இல்லை. காஞ்சிபுரம் போய் ஒரே நாளில் ஒன்பது பட்டுப்புடவை கடனுக்கு வாங்கி வந்தேன். "டீச்சர் இன்னைக்கு ரொம்ப ஜாலியா இருக்காங்க" என்று நீங்கள் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது. ஒரு மாதம் கழித்து அதே டீச்சர் மூன்று மாத விடுப்பில் போனார். மஞ்சள் காமாலை என்று ஊருக்குச் சொன்னோம். மஞ்சளும் இல்லை, காமாலையும் இல்லை.

முதலில் வேப்பிலை அடித்தார்கள். தாயத்து கட்டினார்கள். கடைசியில் என் கணவர் (அவர் இப்போது இல்லை) யாரையும் கேட்காமல் என்னைப் பஸ்ஸில் ஏற்றி மனநல மருத்துவரிடம் கொண்டு போனார். அவர் கொடுத்தது லித்தியம். அன்று தொடங்கிய மாத்திரையில்தான் பிறகு இருபது வருடத்துக்கு மேல் உங்களுக்கு ஒளிச்சேர்க்கையும் இதயத்தின் நான்கு அறைகளும் நடத்தினேன். கல்யாண வீட்டில் ஒன்பது மணிக்கே எழுந்து போய்விடுகிறாள், வாத்தியாரம்மாவுக்குத் திமிர் என்று சொன்ன உறவுகளே, அது திமிர் இல்லை. ஒரு இரவுத் தூக்கம் கெட்டாலும் எனக்கு நோய் தலைதூக்கும். அதனால்தான் எழுந்து போனேன்.

இத்தனை வருடம் மூடி வைத்ததை இப்போது ஏன் சொல்கிறேன்? அந்த விளம்பரம் வந்த இரண்டாம் நாள் என் பழைய மாணவன் ஒருவனின் மனைவி போன் செய்தாள். அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயரும் ஊரும் சொல்ல மாட்டேன். அவனுக்கும் என் நோய்தான். இரண்டு வருடம் மாத்திரையில் நன்றாக இருந்தான். கை லேசாக நடுங்குகிறது, எடை கூடுகிறது, ஆயுசு முழுக்க மாத்திரையா என்ற சலிப்பு வேறு. இதே மாதிரி ஒரு விளம்பரத்தைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறான். நாலு நிமிடம் பேசினார்களாம். என்ன நோய், வேறு என்ன மாத்திரை என்று ஒரு கேள்வி இல்லை. பாட்டில் வந்துவிட்டது. முதல் பத்து நாள் நல்ல தூக்கம். அந்தத் தைரியத்தில் மாத்திரையை நிறுத்தினான். பிறகு சொட்டுக் கணக்கு கூடியது. அதே செடிதானே என்று ஒரு நண்பன் பொட்டலத்தை நீட்டினான். ஆறாவது வாரம் தூக்கமே இல்லை. வண்டியை விற்றான், யாரோ ஒருவர் நிலத்துக்கு முன்பணம் கொடுத்தான். ஆள் தேறிவிட்டான், சுறுசுறுப்பாக இருக்கிறான் என்று வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். இப்போது மருத்துவமனையில் இருக்கிறான்.

எண்ணெய்தான் இதைச் செய்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். மாத்திரையை நிறுத்தினாலே எங்களுக்கு இது வரும். ஆனால் மாத்திரைக்குப் பதில் இது இருக்கிறது என்ற எண்ணத்தை அவன் தலையில் போட்டது யார்? அவர்களோடுதான் என் சண்டை.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்று நினைவுபடுத்துகிறேன். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளுடையது, இருக்கிறது. குடவோலைத் தேர்தல் என்று பெருமையடித்துக்கொள்கிறோமே, அதில் யார் நிற்கக் கூடாது என்றும் வெட்டியிருக்கிறார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவன் உறவினர் பெயரையும் போடக் கூடாது. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால் ஏரிக்கும் தோட்டத்துக்கும் கணக்குக் கேட்ட ஊர் இது. நம் மூளைக்குள் போகிற மருந்துக்குக் கணக்குக் கேட்க வேண்டாமா?

கேட்போம். அவர்கள் சொல்வதை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, "இது நம் பாரம்பரிய மருந்து."

உண்மைதான், மறுக்கவில்லை. ஆயுர்வேதத்தில் விஜயா என்ற பெயரில் இருக்கிறது, சித்த மருத்துவத்திலும் கஞ்சா சேர்ந்த மருந்துகள் உண்டு. 1839-லேயே கல்கத்தாவில் ஓஷானஸி என்ற மருத்துவர் இதை வலிப்புக்கும் வில்வாத ஜன்னிக்கும் கொடுத்துப் பார்த்து எழுதினார். மேலை மருத்துவமே நம்மிடமிருந்துதான் கற்றது. ஆனால் முன்னோர் இதைச் சுத்தி செய்யாமல் கொடுத்தார்களா? நாடி பார்க்காமல், அளவும் அனுபானமும் பத்தியமும் சொல்லாமல் கொடுத்தார்களா? இன்றைய சட்டத்திலும், மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே சாப்பிட வேண்டிய நச்சு மூலப்பொருள்களின் பட்டியலில்தான் கஞ்சா இருக்கிறது. வைத்தியர் இருந்த இடத்தில் கூரியர் பையனை நிறுத்திவிட்டு முன்னோர் பெயரைச் சொல்வது முன்னோருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இரண்டாவது, "சட்டம் அனுமதிக்கிறது, ஐ.நா.வே அனுமதித்துவிட்டது."

1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்பது செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகளைக் குறிக்கும். அந்த நுனி சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. இலையிலிருந்து எடுத்தோம் என்று ஆயுஷ் உரிமத்தில் விற்பது இந்த வழியில்தான். 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து எடுத்தது. இந்தியாவும் ஆதரித்து வாக்களித்தது. ஆனால் முதலாம் பட்டியலின் கட்டுப்பாட்டில் அது இன்னும் இருக்கிறது. மருத்துவ ஆராய்ச்சிக்குக் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். மேலும், சட்டப்படி விற்கலாம் என்பதும் உன் நோய்க்கு உதவும் என்பதும் ஒன்றா? எலி மருந்தும்தான் சட்டப்படி விற்கிறது.

மூன்றாவது, "அறிவியல் நிரூபித்துவிட்டது."

இங்கேதான் அறிவியல் டீச்சருக்குக் கோபம் வருகிறது. அந்தச் செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட கன்னாபினாய்டுகள் உண்டு. நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. டி.எச்.சி. போதை தருவது, சி.பி.டி. போதை தராதது. நம் மூளையிலேயே இவை போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. உடல் தானே சுரக்கும் இதே வகைப் பொருள் ஒன்றை 1992-ல் கண்டுபிடித்து, ஆனந்தம் என்ற சொல்லிலிருந்தே அனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். அருமையான அறிவியல். சி.பி.டி. மருந்து ஒன்றுக்கு 2018-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. எதற்கு? குழந்தைகளுக்கு வரும் இரண்டு அரிய, கடுமையான வலிப்பு நோய்களுக்கு. புற்றுநோய் சிகிச்சையின் வாந்திக்கும், தண்டுவட மரப்பு நோயின் தசை இறுக்கத்துக்கும் கன்னாபினாய்டு மருந்துகள் சில நாடுகளில் இருக்கின்றன. இவை எல்லாம் சோதித்து, அளவு குறித்து, பக்கவிளைவு எழுதி வைத்துக் கணக்குக் காட்டிய மருந்துகள்.

மனநிலை நோய்க்கு? 2019-ல் லான்செட் சைக்கியாட்ரி இதழ் 80-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்றை வெளியிட்டது. மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றைக் கன்னாபினாய்டுகள் குணப்படுத்துகின்றன என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதே முடிவு. பைபோலார் உள்ளவர்களிடம் இன்னும் மோசம். கஞ்சா பயன்படுத்துகிறவர்களுக்கு மிகை எழுச்சி அதிகம் வருவதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. போதை தராத சி.பி.டி.யும் விளையாட்டுப் பொருள் அல்ல. எங்களில் பலர் சாப்பிடும் வால்ப்ரோயேட் மாத்திரையோடு அது சேர்ந்தால் கல்லீரல் நொதிகள் ஏறும் என்று அந்த வலிப்பு மருந்தின் எச்சரிக்கையிலேயே இருக்கிறது. இதை அந்த நாலு நிமிட போனில் சொன்னார்களா?

"டீச்சர், எனக்கு இதனால நல்லா தூக்கம் வருது" என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள். வரும், அம்மா. ஆரம்பத்தில் சீக்கிரம் கண் அசரும். டி.எச்.சி.க்கு உடம்பு பழகிய பிறகு அதே தூக்கத்துக்கு அளவு கூட வேண்டும். நிறுத்தினால் தூக்கமின்மையும் எரிச்சலும் திரும்ப வரும். அதைப் பார்த்து, பார், இது இல்லாமல் முடியவில்லை, இதுதான் என் மருந்து என்று நினைக்கத் தோன்றும். கடன் வாங்கி வட்டி கட்டுவது போலத்தான் இதுவும்.

சரி, எதிர்ப்பக்கத்தையும் விட மாட்டேன். கஞ்சா குடித்தால் பைத்தியம் பிடிக்கும், குடிப்பவன் எல்லாம் ரவுடி என்று பேசுகிறவர்களும் கணக்குக் காட்டவில்லை. 1893–94-ல் ஆங்கில அரசு அமைத்த இந்தியக் கஞ்சா ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை விசாரித்தது. மனநலக் காப்பகப் பதிவேடுகளையும் துருவிப் பார்த்தது. நோய்க்குக் காரணம் என்ற கட்டத்தில் சரியாக விசாரிக்காமலே கஞ்சா என்று எழுதி வைத்திருந்தது தெரியவந்தது. நிதானமான பழக்கத்தால் பெரும்பாலோருக்குப் பெரிய கேடில்லை என்று அந்த ஆணையமே எழுதியது. ஆனால் அது பொதுவான ஆட்களைப் பற்றிய பேச்சு, எங்களைப் போன்ற நோயாளிகளுக்கு அது சான்றிதழ் ஆகாது.

நம் மாநிலத்தில் கஞ்சா வேட்டை என்று காவல்துறை வரிசையாக நடத்தியிருக்கிறது. விற்கிறவனைப் பிடியுங்கள், பள்ளிக்கூட வாசலில் விற்கிறவனை விடாதீர்கள். ஆனால் தூக்கம் வராமல், மருத்துவரிடம் போக வெட்கப்பட்டு, பொட்டலம் வாங்கிய பையனையும் அதே கண்ணால் பார்த்தால் அவன் எந்த மருத்துவரிடம் உண்மை பேசுவான்? அதே போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால், பயன்படுத்திய குற்றத்துக்கும் சிறிய அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்?

"அரசாங்கமே டாஸ்மாக் நடத்துது, இதுக்கு மட்டும் என்ன டீச்சர்?" இந்தக் கேள்வியும் வரும் என்று தெரியும். டாஸ்மாக்கில் சரக்கு வாங்குகிறவன் மருந்து என்று சொல்லி வாங்குவதில்லை. நான் சண்டை போடுவது மருந்து என்ற சொல்லுக்காக. அந்தச் சொல்லை நம்பித்தான் நோயாளி கையை நீட்டுகிறான். எங்களுக்குச் சாராயமும் ஆகாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இப்போது முக்கியமான கேள்வி. ஜனங்கள் ஏன் அந்தப் பாட்டிலை வாங்குகிறார்கள்? முட்டாள்கள் என்பதாலா? இல்லை. பாட்டில் வீட்டுக்கு வருகிறது, லித்தியத்தைத் தேடி நாம் போக வேண்டும்.

லித்தியம் ஒரு சாதாரண உப்பு. 1949-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இது மிகை எழுச்சியை அடக்குகிறது என்று கண்டார். எங்களைப் போன்றவர்களின் தற்கொலையைக் குறைப்பதில் இதற்கு இணையான மருந்துகள் மிகக் குறைவு. விலை சொற்பம், காப்புரிமை கிடையாது, அதனால் விளம்பரம் போட யாருக்கும் லாபமில்லை. உப்புக்கு யார் விளம்பரம் செய்வார்கள்? ஆனால் அளவு தப்பக் கூடாது. ரத்தத்தில் சுமார் 0.6-க்கும் 1.0-க்கும் இடையில் நிற்க வேண்டும், கூடினால் அதுவே விஷம். கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். தைராய்டும் சிறுநீரகமும் பார்க்க வேண்டும். கத்திரி வெயிலில் வியர்த்து நீர் வற்றினாலும், மூட்டு வலிக்குக் கண்ட வலி மாத்திரையைப் போட்டாலும் அளவு ஏறிவிடும். இதற்காக நான் விடியற்காலையில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறி, வரிசையில் நின்று, மறுபடி ஒரு நாள் ரிசல்ட் வாங்கப் போவேன். எனக்குப் பென்ஷன் இருக்கிறது. கூலி வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு நாள் சம்பளம் போகும். அவர் கையில் இருக்கும் போனில் பாட்டில் சிரிக்கிறது. யாரைக் குற்றம் சொல்வது?

நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனநோய் உள்ளவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்கள் நோயைப் பொறுத்து ஏறக்குறைய 70 முதல் 90 சதவீதம் வரை. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் அரசு செலவில் மனநலச் சிகிச்சை பெறுவதை உரிமை என்றே சொல்கிறது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீடு தேடி மாத்திரை கொடுக்கும் திட்டத்தை 2021-ல் தொடங்கிய மாநிலம் இது. அதே பையில் லித்தியமும், அதே ஊசியில் லித்தியம் பரிசோதனையும் ஏன் வரக் கூடாது? ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் அந்த ரத்தப் பரிசோதனை வேண்டும். இந்தக் கோரிக்கையை மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட வருகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள், காபி உண்டு.

விற்கிறவர்களிடம் என் கோரிக்கை மூன்றுதான். ஒன்று, இந்த நோய்க்கு இது வேலை செய்கிறது என்றால் மனிதர்களிடம் சோதித்த கணக்கைக் காட்டுங்கள். இரண்டு, பாட்டிலில் டி.எச்.சி. எவ்வளவு, சி.பி.டி. எவ்வளவு என்று எழுதுங்கள். மூன்று, விற்கும் முன் பைபோலார் உண்டா, குடும்பத்தில் மனநோய் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேளுங்கள். கேட்டு, உண்டு என்றால் விற்காதீர்கள். நாளைக்கு நம் ஆய்வகங்கள் முறையாகச் சோதித்து, பயன் உண்டு என்று காட்டினால் இதே பக்கத்தில் நானே எழுதுகிறேன், நான் சொன்னது தப்பு என்று. செடியோடு எனக்குப் பகை இல்லை.

பிள்ளைகளே, உங்களில் யாராவது ஏற்கெனவே அந்த எண்ணெயோ பொட்டலமோ எடுத்துக்கொண்டிருந்தால் பயப்படாதீர்கள், நான் திட்ட மாட்டேன். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். அடுத்த முறை மருத்துவரிடம் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கை நடுக்கம், எடை எதுவானாலும் சொல்லுங்கள், மாத்திரையின் அளவை மாற்ற வழி உண்டு. மருத்துவர்களாக இருக்கும் என் மாணவர்களே, இந்தக் கேள்வியை மிரட்டாமல் கேளுங்கள். மிரட்டினால் பொய்தான் வரும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மனசு தாங்கவில்லை என்றால் 14416, டெலிமானஸ், காசு இல்லை, தமிழில் பேசலாம்.

அன்றாட நலத்துக்கு என்ன வழி என்று கேட்டால் என் வழியைச் சொல்கிறேன். பத்து மணிக்குப் படுக்கை. ஐந்தரைக்கு எழுந்து கோலம். ஏரிக்கரையில் அரை மணி நடை. வேளைக்குச் சாப்பாடு, நிறையத் தண்ணீர், மத்தியானத்துக்குப் பிறகு காபி இல்லை. ஒரு சின்ன நோட்டில் தினமும் எத்தனை மணி தூங்கினேன் என்று எழுதுவேன். இரண்டு நாள் ஐந்து மணிக்குக் கீழே போனால் மருத்துவருக்குப் போன். இதை யாரும் பாட்டிலில் அடைத்து விற்க முடியாது, அதனால் விளம்பரம் வராது. மாத்திரையோடு சேர்ந்துதான் இது வேலை செய்யும், மாத்திரைக்குப் பதிலாக அல்ல.

கடைசியாக என் உறவுகளுக்கு. அக்கா மகனே, உன்மேல் கோபம் இல்லை. நம் வீட்டில் இந்த நோய் இருக்கிறது என்று பெரியவர்கள் நாங்கள் சொல்லியிருந்தால் நீ அந்த விளம்பரத்தை அனுப்பியிருக்க மாட்டாய். மூடி வைத்தது எங்கள் தப்பு. நம் குடும்பத்தில் யாருக்காவது நாலு நாள் தூக்கம் இல்லாமல் பேச்சு ஓடினால், அல்லது ஒரு மாதம் யாரோடும் பேசாமல் முடங்கிக் கிடந்தால், முதலில் எனக்குப் போன் செய்யுங்கள். பஸ்ஸில் கூடவே வருகிறேன், வழி எனக்குத் தெரியும்.

மருத்துவமனையில் இருக்கும் என் மாணவனுக்கு: நேற்று உன் மனைவி சொன்னாள், ஏழு மணி நேரம் தூங்கினாயாம். நோட்டில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஊருக்கு வந்ததும் எடுத்துக்கொண்டு வா, டீச்சர் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்,
உத்திரமேரூர்